மேனேஜர் குடிவந்த மூன்றாம் நாள்

அத்தியாயம் 14

டொக்.

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடியும் டொக். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆமைக்குட்டி ஒன்று, நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டியின் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், வழுக்கும், காலை உதைத்து எழுந்து அதே இடத்தில் மறுபடி முட்டும்.

கம்பவுண்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமை மேல் அல்ல, புருஷன் மேல்.

"என்னங்க, பெட்டியைச் சுத்தி நான் ஒட்டியிருந்த பிரவுன் பேப்பர் எங்க?"

கண்ணாடிக்காரர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். காது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவருக்கு இருபது வருட அனுபவம் உண்டு.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நேத்து சாயங்காலம் எடுத்துட்டேன். பேப்பரை ஒட்டிட்டா அது கண்ணாடிப் பெட்டியா? அட்டைப் பெட்டி. ஓரமெல்லாம் எப்படிப் பாலீஷ் போட்டிருக்கேன், பாரு. ஒரு சொட்டுப் பசை வெளியே தெரியுதா?"

"ஆமைக்குக் கண்ணாடின்னா என்னன்னு தெரியாதுங்க. அந்தப் பக்கம் தெரியுதே, போயிடலாம்னு நினைக்கும். மூக்கு உடையற வரைக்கும் முட்டும்."

"பழகிடும்."

"பழகாது. பழகின ஆமையை நீங்க பாத்திருக்கீங்களா?"

கண்ணாடிக்காரர் ஆமையையே பார்த்தது முந்தாநாள்தான். அதனால் டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. தொடர்ந்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடி வெட்டுகிற பட்டறையில் வேலை, கம்பவுண்டரம்மாவுக்கு மிருக ஆஸ்பத்திரியில். ஊசி போடுவாள், கட்டுக் கட்டுவாள், கடிக்க வருகிற நாயைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துக்கொள்வாள். ஆறு வாரம் முன்பு அவள் நாத்தனார், எட்டு வயது மகள் சுண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தெலும்பு உடைந்து, செருப்புகூட இல்லாமல் வாசலில் வந்து நின்றாள். உடைத்தவன் கட்டிய புருஷன். கார் ஷோரூமில் வண்டி விற்கிறவன். சட்டை கசங்காது, குரல் உயராது. இந்த வீட்டுக்கு அவன் மாப்பிள்ளை. ஆனால் மரியாதை போட்டு எழுதக் கை வரவில்லை, 'அவன்' என்றே இருக்கட்டும்.

மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது ஒரு வகையில் நல்லதாயிற்று. மச்சான் இந்த ஊரில் இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும், எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. திங்கட்கிழமை கோர்ட்டில் தீர்ப்பு. சுண்டு அம்மாவிடமா, அப்பாவிடமா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. இன்றையும் சேர்த்து மூன்றே நாள். அதுவரை அவன் கண்ணில் படாமல் இருந்துவிட வேண்டும், வீண் வம்பு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதுதான் வக்கீல் சொல்லி அனுப்பிய ஒரே புத்தி.

வந்ததிலிருந்து சுண்டு வாயைத் திறக்கவே இல்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அதனால்தான், வெளிநாடு போகிற ஒருவர் அனுமதிச் சீட்டோடு ஆஸ்பத்திரியில் விட்டுப்போன ஆமைக்குட்டியைக் கம்பவுண்டரம்மா வீட்டுக்குத் தூக்கி வந்தாள். கணக்கு பலித்தது. ஆமை வந்த அன்றே சுண்டு முழுசாக ஒரு கேள்வி கேட்டாள். இதுக்குப் பேர் என்ன, என்று.

"லேட்டா வெளியே வரார், சாப்பிடறார், உள்ள போய்ப் படுத்துக்கிறார். எங்க மேனேஜர் மாதிரியே இருக்கார்" என்றார் கண்ணாடிக்காரர். மேனேஜர் என்றே பெயர் நின்றுவிட்டது.

அத்தையும் மருமகளும் உட்கார்ந்து மறுபடி பேப்பர் ஒட்டினார்கள். மேனேஜரின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்துக்கு, நாலு பக்கமும். முட்டுகிற சத்தம் நின்றது. அது சுவரோரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தது. பிறகு விளக்குக்குக் கீழே போட்டிருந்த தட்டைக் கருங்கல்லில் ஏறி, கழுத்தை நீட்டிச் சூடு காய்ந்தது.

"அத்தை, இன்னிக்காவது தூக்கலாமா?"

"இன்னும் நாலு நாள் போகட்டும். புது இடம். யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு அதுக்கு இன்னும் பிடிபடலை. மேலேருந்து கை வந்தா, கொத்திட்டுப் போக ஏதோ வந்திருக்குன்னு பயந்துக்கும்."

"காலைல தண்ணில விட நீங்க மட்டும் தூக்கினீங்களே?"

"அது வேலை. நீ கேக்கறது கொஞ்சல்."

சுண்டு யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது போலிருக்கிறது. "பானைக்குள்ள போறப்போ மட்டும் பாக்காம இருக்கணுமா?" என்றாள்.

"பாக்கலாம். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அந்த உடைஞ்ச பானை அதோட ரூம்."

சமையலறை வாசலில் நாத்தனார் வலது கையைக் கழுத்தோடு கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு, இடது கையால் செம்பருத்தி இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மகள் இப்படிச் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "சுண்ணாம்புச் சத்துப் பொடி எங்க அண்ணி, இலை மேல தூவணும்னீங்களே" என்றாள்.

"கையிலதான் வெச்சிருக்க."

இருவரும் சிரித்தார்கள். கம்பவுண்டரம்மா உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நல்ல நாளாக இல்லை. இரண்டு நாய்களைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டுகிற கும்பல் ஒன்று, தோற்ற நாயைக் கோணிப்பையில் போட்டு வாசலில் எறிந்துவிட்டுப் போயிருந்தது. ஒரு காது இல்லை. தொண்டைக்குக் கீழே தோல் கிழிந்து தொங்கியது. மயக்க மருந்து ஏறும்வரை கம்பவுண்டரம்மா அதைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அது அவள் முழங்கையைக் கடித்தது. டாக்டர் தைக்க ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு. அவள் பையில் போன் அடித்தது.

எதிர்வீட்டு லாண்டரிக்காரர்.

"அக்கா, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். உங்ககிட்ட சொன்னாரா?"

"எந்த விருந்தாளி?"

"காலைல என் கடை நம்பருக்குப் போன் பண்ணி வழி கேட்டார். கண்ணாடி வேலை செய்யறவர் வீடு, எதிர்லதானேன்னார். குழந்தையோட அப்பாவாம். ரொம்ப மரியாதையாப் பேசினார் அக்கா. திடீர்னு வந்து சந்தோஷப்படுத்தணும், சொல்லிடாதீங்கன்னார். இப்போ வாசல்ல கார்லேருந்து இறங்கறார், சரி சொல்லிடலாமேன்னு…"

டாக்டரிடம், "போலீஸுக்குப் போன் போடுங்க, என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரத்தம் படிந்த ஏப்ரனோடு தெருவில் ஓடினாள். ஓடிக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை வந்துட்டான். வீட்டுக்கு ஓடுங்க."

"எப்படி? யாரு சொன்னா?"

"லாண்டரி நம்பருக்குப் போன் பண்ணி வழி கேட்டிருக்கான். அந்த நம்பர் அவனுக்கு எப்படிங்க கிடைச்சுது?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. பிறகு கண்ணாடிக்காரர் சொன்னார். "நேத்து பெட்டியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். அதுக்குத்தான் பேப்பரைப் பிரிச்சேன். அவன் நம்பர் என் போன்ல இன்னும் இருக்கு."

"பெட்டிதானே? அதுல என்ன தெரியும்?"

"பெட்டிக்கு எதிர்ல ஜன்னல். ஜன்னலுக்கு எதிர்ல லாண்டரி போர்டு." அவர் குரல் உடைந்தது. "எல்லாம் கண்ணாடியில விழுந்திருக்கு. இடம்வலமாத் திருப்பினா நம்பரைப் படிச்சுடலாம். முப்பது வருஷமாக் கண்ணாடி வெட்டறேன். எனக்குத் தோணலையே."

"அழுதுட்டு இருக்காதீங்க. ஓடுங்க."

அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் கார் நின்றது. வீட்டு ஜன்னல் கண்ணாடி முழுதும் உடைந்து உள்ளே விழுந்திருந்தது. நாத்தனார் கதவைத் திறக்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது. சாவியைப் பூட்டில் நுழைத்தாள். உள்ளே பளாரென்று ஒரு அறை விழும் சத்தம் கேட்டது. அலறல் கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

திறந்தாள்.

கண்ணாடிப் பெட்டி சுக்குநூறாகக் கிடந்தது. மண் தரையெல்லாம் சிதறியிருந்தது. விளக்கு மட்டும் ஒயரில் தொங்கியபடி எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் மல்லாந்து கிடந்தாள். தூளி அவிழ்ந்து, உடைந்த பக்கத்துக் கை வெளியே நீண்டிருக்க, அதன் மணிக்கட்டின் மேல் பளபளவென்று பாலீஷ் போட்ட ஷூ ஒன்று இருந்தது. ஷூவுக்கு மேலே மாப்பிள்ளை. கையில் வண்டிச் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர்.

"சுண்டு எங்கன்னுதானே கேக்கறேன்" என்று அவன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு வார்த்தை சொன்னா நான் பாட்டுக்குப் போயிடப் போறேன்."

காலை அழுத்தினான். எலும்பு முறிவது கம்பவுண்டரம்மாவுக்கு வாசலிலேயே கேட்டது. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிற மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அவளுக்கு.

"வாங்கக்கா" என்றான் அவன், நிமிர்ந்து பார்த்து. "உக்காருங்க. குடும்ப விஷயம், பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்."

கம்பவுண்டரம்மா உட்காரவில்லை. காலையில் அந்த நாயைப் பிடித்த அதே பிடியாக, பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்தை முழங்கைக்குள் வளைத்து இறுக்கினாள். அவன் அவளைச் சுமந்துகொண்டே பின்னால் நகர்ந்து சுவரில் மோதினான். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. மூன்றாவது மோதலில் அவளுக்கு விலாவில் ஏதோ விட்டுப்போயிற்று, மூச்சு வரவில்லை. பிடியை விடுவதற்குப் பதில் அவன் காதைக் கடித்தாள். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவன் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து அவள் முழங்காலில் அடித்தான். அத்தோடு அவள் கால் மடங்கிக் கீழே விழுந்தாள்.

"டேய்" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணாடிக்காரர்.

அவருக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. வாய்ச் சண்டையிலேயே பெண்டாட்டியிடம் தோற்கிற மனுஷர். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு காளை போல ஓடிவந்தார். மாப்பிள்ளை சும்மா ஒதுங்கி நின்று, போகிற வாக்கில் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் ஊன்றியபடி, தன் கையாலேயே பாலீஷ் போட்ட சில்லுகளின் மேல் விழுந்தார். வலது உள்ளங்கை கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்துகொண்டது. அவர் எழுந்திருக்கவில்லை. கையை முகத்துக்கு நேராகப் பிடித்து, விரல்களை மடக்கப் பார்த்தார். இரண்டு விரல் மடங்கவில்லை.

அவன் படுக்கையறைக்குள் போனான். கட்டிலுக்கு அடியில் குனிந்து, சுண்டுவின் கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கண்ணாடித் தூளின் மேலேயே தரதரவென்று இழுத்தான்.

"அப்பாகிட்ட வா கண்ணு. எத்தனை நாளாச்சு பாத்து."

சுண்டு அழவில்லை. இரண்டு கையாலும் சட்டையின் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெட்டி உடைந்த கணத்திலேயே மேனேஜரை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறாள். தூக்கக் கூடாது என்று அத்தை சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். இருந்தும் தூக்கினாள்.

"என்ன அது?" அவன் அவள் கைகளைப் பிரித்து ஆமையை வெளியே எடுத்தான். தலையும் காலும் உள்ளே இழுத்துக்கொண்டு கூழாங்கல்லாக இருந்தது அது. "இதுக்காகவா அப்பாவை விட்டுட்டு இங்க இருக்க?"

சுவரைப் பார்த்துக் கையை ஓங்கினான்.

தட்டைக் கருங்கல் அவன் காதுக்குப் பின்னால் விழுந்தது.

நாத்தனார் எப்போது எழுந்தாள், விளக்கடியிலிருந்து அந்தக் கல்லை எப்படி ஒற்றைக் கையால் தூக்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவன் திரும்பினான். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இவள் அடிப்பாள் என்று ஒன்பது வருடத்தில் அவனுக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. மேனேஜர் அவன் கையிலிருந்து நழுவி மண்குவியலில் விழுந்தது. இரண்டாவது அடி நெற்றியில். அவன் முட்டி போட்டான், ஸ்பேனர் கையை விட்டுப் போயிற்று, அப்படியே சரிந்து பக்கவாட்டில் படுத்தான். கையை உயர்த்தி, "இரு, இரு" என்றான். முதல் தடவையாக அவன் குரல் கெஞ்சியது.

அவள் மூன்றாவது முறையாகக் கல்லை ஓங்கினாள்.

கம்பவுண்டரம்மா இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் கேட்டிருப்பாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு அவன் சாக வேண்டும் என்று இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அந்த நிமிடம் அவள் மனசில் இருந்தது அதுதான். வாயை மூடிக்கொண்டாள்.

கல் இறங்கியது. அதற்குப் பிறகு அவன் அசையவில்லை.

விளக்கு ஆடிக்கொண்டே இருந்தது. நாத்தனார் கல்லைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

மனசு என்ன நினைத்தாலும் கைக்கு வேலை தெரியுமே. கம்பவுண்டரம்மா காலை இழுத்துக்கொண்டு நகர்ந்துபோய், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் விரலை விட்டு ரத்தத்தை வழித்து, ஏப்ரனைச் சுருட்டித் தலையில் அழுத்தினாள். மூச்சு இருந்தது. ஒழுங்காக இல்லை, ஆனால் இருந்தது. இன்னொரு கையால் புருஷனின் மணிக்கட்டைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். லாண்டரிக்காரர் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸின் சத்தம் தெருவில் கேட்டபோது, அந்தக் கருங்கல்லை, பக்கத்தில் மேனேஜரைக் குளிக்க விடுவதற்கென்று வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் நழுவவிட்டாள்.

"நான் பேசிக்கிறேன்" என்றாள் மற்ற இருவரிடமும். "நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க. திங்கக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்."

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு ஆம்புலன்ஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். பெண் போலீஸ் ஒருத்தி நோட்டோடு வந்து, உடைந்த ஜன்னலையும் ஸ்பேனரையும் பார்த்தாள். நாத்தனாரின் கையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இவ்வளவு பண்ணினவனுக்குத் தலையில எப்படி அடிபட்டது?"

"தரையெல்லாம் கண்ணாடியும் மண்ணும் பாருங்க மேடம்" என்றாள் கம்பவுண்டரம்மா, கொஞ்சமும் தடுமாறாமல். "குழந்தையை இழுத்துட்டு வந்தவர் கால் வழுக்கிட்டார். படி விளிம்புல தலை மோதிடுச்சு."

போலீஸ்காரம்மா எழுதத் தொடங்கினாள். நம்பினாளோ, நம்ப விரும்பினாளோ. கண்ணாடிக்காரர் மூச்சை விட்டார்.

"இல்லை" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு" என்றாள் கம்பவுண்டரம்மா. "மேடம், அவளுக்கு மயக்கம். என்ன பேசறோம்னு தெரியாது."

"தெரியும் அண்ணி. திங்கக்கிழமை என்ன ஆகும்னும் தெரியும்." சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். "ஒன்பது வருஷமா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வழுக்கி விழுந்துட்டேன்னு நான்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். பல்லு போனப்போ, விலா உடைஞ்சப்போ, சுண்டுவுக்கு அப்புறம் வயித்துல இருந்தது கலைஞ்சப்போ. எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தை. அதை எடுத்து இன்னிக்கு அவருக்குக் கொடுக்காதீங்க."

அவள் போலீஸ்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் அடிச்சேன். மூணு அடி. மூணாவது அடிக்கறப்போ அவர் கீழே கிடந்தார், இருன்னு கெஞ்சினார். எழுதிக்கோங்க."

போலீஸ்காரம்மாவின் பேனா நின்றுவிட்டது. எழுதினால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்று அவளுக்கும் தெரியும். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த சுண்டுவின் பக்கம் திரும்பி, குந்தி உட்கார்ந்து கேட்டாள்.

"பாப்பா, நீ இங்கதானே இருந்த? அம்மா ஒருத்தியா இவ்வளவு பெரிய ஆளை அடிச்சா? அத்தையும் அடிச்சாங்களா?"

சுண்டு மடியில் மேனேஜரை வைத்திருந்தாள். ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. அது இன்னும் தலையை வெளியே நீட்டவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அத்தையை. அத்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அதனால்தான் தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அத்தை அடிக்கலை. அப்பா கெஞ்சினப்போ, பக்கத்துல இருந்து சும்மா பாத்துட்டுதான் இருந்தாங்க."

கம்பவுண்டரம்மாவால் அந்தக் குழந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போலீஸ்காரம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.